ஏழு குடம் தண்ணீரின் கணக்கு

2006ஆம் ஆண்டு மே மாதம். முதுகலைப் பொருளியல் முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குடிநீர்ப் பயன்பாடு பற்றி விசாரித்து எழுத வேண்டும். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. ஒரு நாளைக்கு இருபது படிவம் முடித்தால் கை நிறையும் என்று தோழி சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டுக்கு நான் போனபோது காலை பத்து மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் படிவத்தின் வரிசைப்படி கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணி செலவாகுதுக்கா?"

"லிட்டரெல்லாம் யாரு கண்டா? ஏழு குடம்."

பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். 105 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 21 லிட்டர். எழுதினேன். அடுத்த கேள்வி, அருகிலுள்ள நீராதாரம் எவ்வளவு தூரம் என்பது. ஊருக்குள் ஊரணி இருப்பதைக் கணக்கெடுப்பை மேற்பார்த்தவர் வரைபடத்தில் காட்டியிருந்தார்.

"ஊரணி பக்கத்துலதானக்கா இருக்கு?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "பக்கத்துலதான் இருக்கு" என்றார். 300 மீட்டர் என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது, "எத்தன மணிக்கு எந்திரிச்சோம்னு கேக்க மாட்டீகளா?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டுப் புளியைத் தொடர்ந்து உடைத்தார்.

அன்று மாலை என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் மிச்சத்தைச் சொன்னார். அந்த ஊரணியில் அவர்கள் தெருக்காரர்கள் குடத்தை முக்க முடியாது. காய்ந்த ஆற்றுக்குள் ஒன்றரை மைல் நடந்து, மணலைத் தோண்டி, ஊற்றில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புகிறார்கள். பகலில் போனால் ஊற்று ஊறுவதற்குள் வெயில் ஏறிவிடும். கூட்டமும் சேர்ந்துவிடும். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போவார்கள்.

படிவம் என் பையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. 300 மீட்டர் என்பதை அடித்துவிட்டு ஒன்றரை மைல் என்று எழுதியிருக்கலாம். பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். மறுநாள் கட்டோடு கட்டாக அந்தப் படிவத்தையும் ஒப்படைத்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த 300 மீட்டர் என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அது பொய்யில்லை. டேப் வைத்து அளந்தாலும் ஊரணி அந்தத் தூரத்தில்தான் இருந்திருக்கும். படிவம் கேட்டது அருகிலுள்ள நீராதாரத்தின் தூரத்தை. நான் எழுதியது சரியான விடை. உண்மையான ஓர் எண் அநீதியானதாகவும் இருக்க முடியுமா? இந்தக் கட்டுரையில் நான் யோசிக்க விரும்புவது இதைத்தான்.

*

அளவை என்பது நீதியோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லைக் கூலியாக வாங்கிய தஞ்சை மண்ணில், அளந்து வாங்க ஒரு மரக்கால், அளந்து கொடுக்க ஒரு மரக்கால் என்று பண்ணையார் வீடுகளில் இருந்த கதையை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். மரக்காலின் விளிம்பைத் தடவி வழிப்பதா, கும்பலாக விடுவதா என்பதில் ஒரு பிடி நெல் போகும் அல்லது வரும். அந்த ஒரு பிடிக்குள் ஒரு குழந்தையின் ராத்திரிக் கஞ்சி இருந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். படிக்கணக்கு என்பது உயிர்க்கணக்காக இருந்த ஊர் இது.

எனவே அளப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் நம் பாட்டிகளுக்கு இருந்தது. படித்த நாம்தான் அதை மறந்துவிட்டோம். எண் என்றால் நடுநிலை, புள்ளிவிவரம் என்றால் அறிவியல் என்று நம்பப் பழகிவிட்டோம். மரக்காலில் இருந்த ஏமாற்று கண்ணுக்குத் தெரிந்தது. படிவத்தில் இருப்பது தெரிவதில்லை. அங்கே யாரும் எதையும் திருடுவதில்லை. சிலவற்றைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

*

நாட்டின் கணக்கும் இப்படித்தான் உருவானது. ஐக்கிய நாடுகள் சபை 1953இல் தேசியக் கணக்கு முறை ஒன்றை வெளியிட்டது. ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கான பொது விதி அது. எது உற்பத்தி, எது உற்பத்தி இல்லை என்று அது ஒரு கோடு கிழித்தது. சமைப்பது, துவைப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் கோட்டுக்கு வெளியே போயின. அதே கோட்டுக்கு வெளியே இன்னொன்றும் நின்றது. நிற்கிற காடு, ஓடுகிற ஆறு, நிலத்தடியில் தேங்கியிருக்கிற தண்ணீர். மரம் வெட்டப்பட்டு விற்கப்படும்போது கணக்கில் வரும். நிற்கும்போது வராது. தண்ணீர் பாட்டிலில் அடைக்கப்பட்டால் வரும். ஊற்றில் கசியும்போது வராது.

நியூசிலாந்தைச் சேர்ந்த மெர்லின் வேரிங், 1975இல் 23 வயதில் நாடாளுமன்ற உறுப்பினரானவர். அரசின் கணக்குகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தபோது இதைக் கண்டுகொண்டார். 1988இல் 'இஃப் வுமன் கவுண்டட்' என்ற புத்தகத்தில் எழுதினார். பெண்ணின் உழைப்பும் இயற்கையும் ஒரே விதியால்தான் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன என்பது அவர் எடுத்துக்காட்டியது. இரண்டும் இலவசம் என்று கருதப்படுவதால் இரண்டும் தீராதவை என்றும் கருதப்படுகின்றன. நாம் வீட்டில் பார்க்காததா இது? அம்மாவின் உடம்பு எப்போது களைக்கும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அவள் படுத்துவிட்ட அன்றுதான் கேள்வி வருகிறது.

பெண்ணியப் பொருளியலாளர்கள் பலரும் தொடர்ந்து வாதாடினார்கள். தேவகி ஜெயின் போன்றவர்கள் எழுபதுகளிலேயே இந்தியக் கிராமப் பெண்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று மணிக்கணக்கில் பதிவு செய்து பார்த்தார்கள். 1993இல் திருத்தப்பட்ட தேசியக் கணக்கு முறை, வீட்டுக்காகத் தண்ணீர் சுமந்து வருவதையும் விறகு சேகரிப்பதையும் உற்பத்தியாக ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் ஒரு வெற்றி. ஆனால் இந்தியாவின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் 93 என்று ஒரு குறியீடு உண்டு. வீட்டு வேலையோடு சேர்த்து விறகு, கீரை, மாட்டுத் தீவனம் போன்றவற்றை வீட்டுத் தேவைக்காகச் சேகரிப்பவர் என்று அதற்குப் பொருள். அந்தக் குறியீடு விழுந்த பெண் உழைப்பாளர் பட்டியலில் சேரமாட்டார். முதன்மையாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "வீட்டுலதான் இருக்கேன்" என்று சொல்கிற நம் பெண்களின் வாயிலிருந்தே அந்த எண் எழுதப்பட்டுவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்றுக்குப் போகிறவரும் வீட்டில்தான் இருக்கிறார்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம் என்று தெரியவந்தது. 2024இல் மீண்டும் எடுத்தார்கள். பெண் 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்த எண்கள் கிடைத்திருப்பதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் காலத்து வகுப்பறையில் இப்படி ஓர் எண்ணைக் காட்டி வாதாட முடிந்ததில்லை.

*

வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல் 1987இல் புரூண்ட்லாந்து ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவு செய்வது என்பது அதன் சாரம். பேரப்பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்துச் சாப்பிடு என்பதுதான். யாருக்கு இதில் மறுப்பு இருக்க முடியும்? ஆனால் 'இன்றைய தலைமுறை' என்று ஒரே சொல்லில் எல்லோரையும் கட்டும்போது எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வருகிறது.

உலகம் 1970இல் ஓராண்டுக்கு ஏறக்குறைய 2,700 கோடி டன் இயற்கைப் பொருள்களைத் தோண்டியும் வெட்டியும் அறுத்தும் எடுத்தது. 2017இல் அது 9,200 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொன்னது. மணல், இரும்பு, நிலக்கரி, மரம், தானியம் எல்லாம் சேர்த்து. உற்பத்தி எங்கே நடந்தாலும் கடைசியில் யார் பயன்படுத்துகிறார்களோ அவர்கள் கணக்கில் எழுதினால், பணக்கார நாட்டில் ஆளுக்கு 27 டன், ஏழை நாட்டில் ஆளுக்கு 2 டன். இந்தக் கணக்கு முறையை நான் மதிக்கிறேன். எடுத்தவர் கணக்கில் மட்டும் எழுதாமல், அனுபவித்தவர் கணக்கில் எழுதுகிறது. மரக்காலை ஓரளவு நேராகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் அதே கேள்வியை நாட்டுக்குள்ளும், ஊருக்குள்ளும், வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் கணக்கு நின்றுவிடுகிறது. 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளில் ஊதியமில்லா உழைப்பு ஐந்தாவதில் வருகிறது. குடிநீர் ஆறாவதில். இயற்கை வளப் பயன்பாடு பன்னிரண்டாவதில். குடத்தோடு நடக்கிற பெண் மூன்றிலும் இருக்கிறார். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற அட்டவணை எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

குடிநீரையே எடுத்துக்கொள்வோம். பாதுகாக்கப்பட்ட ஆதாரத்திலிருந்து, போய்வர வரிசையில் நிற்கும் நேரம் உட்பட 30 நிமிடத்துக்குள் தண்ணீர் கொண்டுவர முடிந்தால், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதை அடிப்படைக் குடிநீர் வசதி என்கின்றன. நடையையும் வரிசையையும் கணக்கில் சேர்த்ததே முன்னேற்றம்தான். ஆனால் அந்த 30 நிமிடம் ஒரு நடைக்கு. ஒரு நடைக்கு 25 நிமிடம் ஆகும் பெண் ஒரு குடமாக ஏழு நடை நடந்தால் 175 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறைவு. ஆனாலும் அவர் வசதி பெற்றவர் பட்டியலில் இருக்கிறார். வீட்டு வளாகத்தில் தண்ணீர் இல்லாத பத்து வீடுகளில் ஏழில் அதைக் கொண்டுவரும் பொறுப்பு பெண்களுடையது, சிறுமிகளுடையது என்று 2023இல் இதே இரு அமைப்புகளின் அறிக்கை சொன்னது.

*

அளக்காமல் விடப்படுவது ஒரு பக்கம். யாரை மட்டும் அளக்கிறோம் என்பது இன்னொரு பக்கம்.

இந்தியா உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 24,000 கோடி கன மீட்டர். அதில் கிட்டத்தட்ட 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. இந்தப் பெரும் பங்கு மீட்டர் வைத்து அளந்த எண் இல்லை. கிணறுகளின் எண்ணிக்கை, பயிர்ப் பரப்பு, பம்புசெட் ஓடும் நேரம் என்று அனுமானித்துப் போடுகிற கணக்கு. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மின் மீட்டரே கிடையாது. இலவச மின்சாரம் சிறு விவசாயிகளைக் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வயலில் களை பறித்துத்தான் நிலமற்ற பெண்களுக்கும் கூலி வந்தது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் ஆழ்துளை போடுகிறார். அவர் பம்பு அளக்கப்படுவதில்லை. நிலம் இல்லாதவரின் குடம் எண்ணப்படுகிறது.

நகரத்திலும் இதே கதைதான். நான் இப்போது இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2019 கோடையில் கிணறும் போரும் வற்றின. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. எங்கள் குடியிருப்போர் சங்கம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியது. பாத்திரம் தேய்க்கும்போது குழாயை முழுதாகத் திறக்க வேண்டாம் என்று வீட்டு வேலைப் பெண்களுக்கு அறிவுரை சொல்லும்படி 'இல்லத்தரசிகளை' அந்த அறிவிப்பு கேட்டுக்கொண்டது. அடுத்த கூட்டத்தில், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்துவிடலாம் என்று நானும் இன்னும் இரண்டு பெண்களும் சொன்னோம். கார் கழுவுகிறவர்களும், மூன்று குளியலறை வைத்திருப்பவர்களும், மொட்டை மாடித் தோட்டக்காரர்களும் ஒரே குரலில் மறுத்தார்கள். "நமக்குள்ள என்னங்க கணக்கு?" என்றார் ஒருவர்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அன்று காலை நான்கு மணிக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்றுவிட்டு வந்தவர். அவருக்கு எத்தனை குடம் கிடைத்தது என்று அவர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் போகிறது என்று எனக்கே தெரியாது. அளக்கப்படாமல் இருப்பது ஒரு சலுகை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கணக்கு கேட்கப்படுகிறவர்கள் வேறு, கணக்கு கேட்கிறவர்கள் வேறு.

*

அப்படியானால் பெண்களின் சுமையை முழுதாக எண்ணி, விலை போட்டு, கணக்கில் ஏற்றிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? நானும் அப்படித்தான் நம்பினேன். என் முதுகலை ஆய்வேட்டை அதற்காகவே எழுதினேன். மூன்று கிராமங்களில் பெண்கள் தண்ணீருக்காகச் செலவிடும் நேரத்தை எடுத்து, குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி, ஒரு குடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று காட்டினேன். அந்த ராத்திரி இரண்டு மணியை எப்படியாவது காகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதி. 300 மீட்டருக்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தேன்.

சில வருடம் கழித்து, வேலையில் இருந்தபோது, ஒரு கருத்தரங்கில் இதே மாதிரிக் கணக்கைத் திரையில் பார்த்தேன். ஏழைப் பெண்கள் ஏற்கனவே தண்ணீருக்காக இத்தனை ரூபாய் மதிப்புள்ள நேரத்தைக் கொடுக்கிறார்கள். ஆகவே குழாய் வந்தால் மாதம் இத்தனை ரூபாய் கட்டணம் கட்ட அவர்களால் முடியும், மனமும் இருக்கும். பேசியவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்கில் தவறும் இல்லை. பொருளியலில் இது நன்கு அறியப்பட்ட முறைதான். ஆனால் வேறு வழியில்லாமல் நடந்த நடை, கட்டணம் கட்டும் விருப்பமாக அந்தத் திரையில் மாறியிருந்தது. பட்ட கஷ்டத்தைச் சான்றாகக் கொண்டுவந்தேன். அதை வைத்தே பில் போட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதனால் நான் கணக்கை வெறுத்துவிடவில்லை. எண்ணப்படாமல் இருந்தால் நிலைமை மோசமாகுமே தவிர நல்லதாகாது. ஆனால் எண்ணுவதும் விலை போடுவதும் ஒன்றில்லை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நடக்கிறார் என்று எண்ணுவது அவருடைய வாழ்க்கையைப் பற்றிய செய்தி. அந்த நேரத்தை ரூபாயாக்குவது, வேறு ஏதோ ஒன்றோடு அதை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வது. ஊரணியில் இறங்கக்கூடாது என்ற தடைக்கு என்ன விலை போடுவீர்கள்? 1927 மார்ச்சில் மகாட் சவதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது, அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் தேவைப்பட்டது தண்ணீர் மட்டும் இல்லையே.

*

பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடா நம் எல்லையை ஒட்டிய ஊர். அங்கே கோக்கோகோலா ஆலை 2000இல் உற்பத்தியைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டதாக முதலில் சொன்னவர்கள் அங்கிருந்த ஆதிவாசிப் பெண்கள். ருசி மாறியது, சோறு வேகும் விதம் மாறியது, குளித்தால் உடம்பு அரித்தது. மயிலம்மா என்ற எரவாளர் பழங்குடிப் பெண் 2002இல் தொடங்கிய போராட்டத்தின் முகமானார். ஆய்வுக்கூட முடிவுகள் வருவதற்கு முன்பே அவர்கள் தண்ணீரை அளந்துவிட்டார்கள். நாக்கும் தோலும் அரிசிப் பானையும்தான் அவர்கள் கருவி. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மயிலம்மா 2007இல் இறந்தார். கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் வேளாண்மை, நீர், உடல்நலம், கூலி ஆகிய இழப்புகளைச் சேர்த்து 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காக 2011இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறவில்லை.

இதில் எனக்குப் பாடம் இரண்டு. தண்ணீரோடு தினமும் புழங்குகிறவர்கள் மாற்றத்தை முதலில் அறிகிறார்கள். அவர்கள் அறிந்ததை அளவை என்று ஒப்புக்கொள்ளாத அறிவியல் தாமதமாக வருகிறது. இரண்டாவது, எண் வந்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடாது. எண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும். பிளாச்சிமடாவில் ஆலையை நிறுத்தியதில் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 216 கோடி அதற்குப் பிறகு வந்த எண்.

*

2023இல் வேறு வேலையாக ராமநாதபுரம் போனபோது அந்த ஊருக்கும் போனேன். பதினேழு வருடம். என்னை அந்த அக்காவுக்கு நினைவில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் குழாய் வந்திருந்தது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடத்துக்கு மேல். குழாய் இணைப்புப் பெற்ற வீடு என்று பதிவேட்டில் ஏறியாகிவிட்டது.

"தண்ணி நல்லா வருதாக்கா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சமையலறைச் சுவரைக் காட்டினார். கரிக்கோடுகள். நாலு நாலாகக் கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டிருந்தார். பால் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் வந்த நாள்களின் கணக்கு அது. அதற்கு முந்தைய மாதம் ஒன்பது கோடு. குழாயடிக்கு ராத்திரியில் வந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

"மக சொல்லுச்சு, எழுதி வைம்மான்னு. எனக்கு எழுத வராதுல்ல. கோடு போட்டேன்" என்றார். அந்தத் தெருவில் ஐந்தாறு பெண்கள் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்கள். மகள்கள் அதை நோட்டில் ஏற்றி கிராம சபையில் படித்திருக்கிறார்கள். குழாய் இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு, வந்த நாள் இத்தனை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு பன்னிரண்டு கோடு ஆகியிருக்கிறது. ஊரணியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அங்க இப்பவும் அப்படித்தான். அத எந்தச் சுவத்துல குறிக்கிறது?"

இதே திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரவும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அந்த வேலையும் இன்னொரு 93 ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளக்கும் உழைப்புக்கும் கூலி உண்டா என்று கேட்க வேண்டும்.

உண்மையான எண் அநீதியானதாக இருக்க முடியுமா என்று கேட்டேன். முடியும். கேள்வியை வேறு யாரோ தேர்ந்தெடுத்து, விடையை மட்டும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போகும்போது அது நடக்கிறது. அந்தக் கேள்வியை எழுதியவர்கள் யாரோ. ஆனால் விடையை எழுதியது என் கை. கணக்கெடுப்புக்கும் ஆய்வுக்கும் போகப்போகிற மாணவிகளிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். படிவத்தில் இடம் இல்லாததை ஓரத்திலாவது எழுதிவிட்டு வாருங்கள். எழுதியதை அவர்களுக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பேருந்து போனால் அடுத்தது வரும்.

கிளம்பும்போது அவர் கேட்டார், "நீங்க என்ன எழுதிக்கிட்டீக?" நோட்டைத் திறந்து படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார். ஆறுதான் ராத்திரி வந்தது, நான் ஏழு என்று எண்ணிவிட்டேன்.